இசைத்தட்டுக்கு வைத்த பொட்டு

என் அக்கா ஜான்சிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பாள். அப்புறம்தான் வாயைத் திறப்பாள். கணக்கு டீச்சராக இருந்த காலத்திலேயே வந்த பழக்கம் அது. கடலூர் முதுநகரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். கடைத்தெருவில் அவள் கை கண்ணாடிப் பக்கம் போனாலே மீன் விற்கிறவர் விலையைக் குறைத்துவிடுவார்.

எனக்கும் கோபம் வரும். எங்கள் வீட்டில் யாருக்குத்தான் வராது? ஆனால் என் கோபம் வந்த வேகத்திலேயே ஒரு டீ குடித்தால் போய்விடும். அக்காவிடம் ஒரு கோபம் நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணமானவன் சிதம்பரத்தில் சௌக்கியமாக இருக்கிறான். அவன் பேரை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை, எழுதுகிறேன்.

எங்கள் அப்பா முதுநகரில் பேண்டு செட் வைத்திருந்தார். கல்யாணம், மாதா தேர், சாவு, கட்சி ஊர்வலம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். நான் பிறந்த அன்றே டிரம்பெட் எனக்கு என்று அப்பா முடிவு பண்ணிவிட்டாராம். பேண்டு செட்டில் எடுத்தவுடன் வாத்தியத்தைக் கையில் தந்துவிட மாட்டார்கள். மெட்டை முதலில் வாயால் பாட வேண்டும். பிழையில்லாமல் பாடிய பிறகுதான் ஊதக் கிடைக்கும். தினமும் சாயங்காலம் நான் அப்பாவின் எதிரே உட்கார்ந்து 'பப்பர பப்பா' என்று தப்பும் தவறுமாகக் கத்துவேன். தலையில் குட்டு விழும். அடுத்த அறையில் பாடம் எழுதிக்கொண்டே அக்கா அதே மெட்டைச் சரியாகப் பாடுவாள். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் அப்பா என்னை எழுந்து போகச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்கு விடுதலை. பழைய நெளிந்த டிரம்பெட் ஒன்று அவள் கைக்கு வந்தது. வீட்டுக்குள் ஊதலாம், கோயில் பாடகர் குழுவில் ஈஸ்டருக்கு ஊதலாம். ஊர்வலத்துக்கு மட்டும் கூட்டிப்போக மாட்டார். பெண்பிள்ளை நடுத்தெருவில் கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தால் எவன் கட்டுவான் என்று அம்மா ஒரே பிடிவாதம்.

அக்கா பி.எஸ்ஸி. கணக்குப் படிக்க அண்ணாமலை நகர் போனாள். ஹாஸ்டல் வாசம். அங்கேதான் இந்தக் கார்த்திகேசன். சிதம்பரத்தில் அவன் அப்பாவுக்கு ரைஸ் மில். இவன் என்ஜினியரிங் படித்துக்கொண்டு, கிடாரும் கையுமாகத் திரிந்துகொண்டு, நாலு பையன்களைச் சேர்த்து ஒரு ராக் குழு வைத்திருந்தான். பேர் 'கிள்ளை மெயில்'. சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிள்ளை ஸ்டேஷனில் மெயில் வண்டி நிற்காது என்பது அவர்களுக்குள் ஒரு நகைச்சுவை. வெளிநாட்டு ராக் இசைத்தட்டுகளில் ஒரு வகை உண்டு. கிடாரும் டிரம்ஸும் முன்னால் அடித்து நொறுக்கும்போது பின்னாலிருந்து வயலின்கள் அலையாக எழும், ஊதுகுழல்கள் நடுவில் வெட்டிக்கொண்டு வரும். அந்தச் சத்தம்தான் வேண்டும் என்று கார்த்திகேசனுக்கு வெறி. வயலினுக்கும் செல்லோவுக்கும் இசைக் கல்லூரி மாணவர்கள் வந்துவிட்டார்கள். ஊதத்தான் ஆள் இல்லை.

அக்கா தானே போய், "நான் ஊதுவேன்" என்றாள். சிரித்தார்களாம். அடுத்த வாரம் ஊருக்கு வந்தவள் அந்த நெளிந்த டிரம்பெட்டை அரிசிச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் அவர்கள் முன்னால் ஊதினாள். அதற்கப்புறம் ஒருத்தனும் சிரிக்கவில்லை.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. அப்பாவும் துணைக்குப் போனார். வெளியே பெஞ்சில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வயலின்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். செல்லோ அடியில் உறுமும். கிடார் சட்டென்று நின்றுவிடும். அங்கே ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். அது அக்காவின் மூச்சு. பிறகு டிரம்பெட் வரும். பெரிய வெள்ளிக்கு எங்கள் அப்பா செட் வாசிப்பதுபோல அடக்கமாக ஆரம்பித்து, திடீரென்று திறந்துகொண்டு, வயலின்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த இடம் வந்தால் எனக்குக் கண் கலங்கும்.

இசைத்தட்டு வந்தது. அட்டையில் பிச்சாவரம் படகில் ஐந்து பையன்கள் நிற்கிற படம். தட்டின் நடுவில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தில் ஐந்து பேர் பெயர்களும் இருந்தன. பின்னட்டையில் இசைக் கல்லூரி நண்பர்களுக்கு நன்றி, ஸ்டூடியோக்காரருக்கு நன்றி. டீ வாங்கிக் கொடுத்தவனுக்குக்கூட நன்றி போட்டிருந்தான் பாவி. அக்கா பேர் எங்கேயும் இல்லை. அவள் போய்க் கேட்டபோது கார்த்திகேசன் தலையைச் சொறிந்துகொண்டு, "அவசரத்துல வுட்டுப் போச்சு ஜான்சி. அடுத்த தடவ போடும்போது கண்டிப்பா சேத்துடலாம்" என்றானாம்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவே இல்லை. குழு கலைந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தானுக்கு அந்தச் சத்தமே ஆகாது. அவருக்கு அது "சனியன்". டிரம்பெட் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து, அப்பா காலமான பிறகு செட்டுக்காரர் யாரோடோ போயிற்று. இப்போது அக்காவுக்கு முன்பற்கள் கட்டுப்பல். டிரம்பெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவளால் ஊத முடியாது. அவள் ஊதியதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தட்டுதான்.

அத்தான் போன பிறகு அக்காவின் மகன் செம்பியன் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தான். ஏ.சி. மெக்கானிக் அவன். அம்மா மேல் உயிர். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா அந்தத் தட்டைப் போடுவாள். மூச்சுச் சத்தம் வரும்போது கையைத் தூக்குவாள், யாரும் பேசக் கூடாது. செம்பியனின் மனைவி பவானிக்கும் இது பழகிவிட்டது. பவானி நெல்லிக்குப்பம் பக்கத்து இந்துக் குடும்பத்துப் பெண், நாங்கள் கிறிஸ்தவர்கள். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் நடந்த கூத்தை எழுதினால் அது தனிக் கதையாகிவிடும். இப்போது வீட்டில் ஒரு சுவரில் மாதா, ஒரு சுவரில் பிள்ளையார், யாருக்கும் தகராறு இல்லை.

போன வருஷம் சென்னையிலிருந்து சிந்துஜா என்ற பெண் வந்தாள். பழைய ராக் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துத் திரும்ப அச்சிடுகிற ஒரு சின்னக் கம்பெனி அவளுடையது. "ஒரிஜினல் டேப் கிடைக்கல மேடம். கார்த்திகேசன் சார் காப்பி, அந்த 'தானே' புயல் வந்தப்ப நனைஞ்சு போச்சாம். உங்க காப்பி ரொம்ப சுத்தமா இருக்குன்னு உங்ககிட்ட படிச்சவங்க சொன்னாங்க. இதுலேர்ந்தே எடுத்துடலாம்" என்றாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. அது நல்ல அறிகுறி. "எம்பேரு போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாட்டெல்லாம் சாரோடது மேடம். அவர் சரின்னு சொல்லிட்டா உடனே போட்டுடறேன்."

அடுத்த தடவை என்று அவன் சொன்னானே, அது கடைசியில் வந்துவிட்டது. ஆயுத பூஜை முடிந்து வருகிற சனிக்கிழமை சிதம்பரத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்து பேசுவதென்று ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க அக்கா எங்கே போனாலும் இதே பேச்சு. கோயிலில் ஃபாதரிடம்கூடச் சொல்லிவிட்டாள்.

ஆயுத பூஜை அன்று பொரியும் சுண்டலும் கிடைக்குமே என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு துக்கத்துக்குப் போய்விட்டுக் குளித்துவிட்டு வந்தாள். கூடத்தில் செம்பியனின் டிரில்லிங் மிஷின், ஸ்பேனர்கள், பவானியின் தையல் மிஷின் எல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்து வரிசையாக இருந்தன. கடைசியில் ரெக்கார்டு பிளேயர். அதன் மேல் அட்டையிலிருந்து எடுத்து வைத்த அந்தத் தட்டு. தட்டின் மேலேயே மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஒரு செவந்திப் பூ வேறு.

அக்கா கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. ஓடிப்போய்த் தட்டைத் தூக்கி முந்தானையால் தேய் தேய் என்று தேய்த்தாள். "அடியே பாவி, என்னாடி பண்ணி வெச்சிருக்க? அறிவிருக்கா ஒனக்கு? இது என்னா மிக்சியா, பொட்டு வெக்கறதுக்கு?"

"அக்கா, தேய்க்காத, தேய்க்காத" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? குங்குமத்தில் இருந்த நறநறப்பெல்லாம் அவள் தேய்த்த வேகத்தில் தட்டின் மேல் கோடு கோடாக இழுத்துவிட்டது. போட்டுப் பார்த்தோம். கடைசிப் பாட்டில் வயலின்கள் ஏறின, மூச்சுச் சத்தம் வந்தது, டிரம்பெட்டின் முதல் வரி வந்தது. அங்கேயே ஊசி மாட்டிக்கொண்டு அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்தது. அதைத் தாண்டவே இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. "படிச்ச பொண்ணுதானே நீ, அத எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று பவானியைப் பிடித்துக்கொண்டேன். கையில் சுண்டல் கிண்ணத்தை வைத்துக்கொண்டே திட்டினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பவானி முதலில் அழுதாள். அப்புறம் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னா மாமா ஆளாளுக்கு பேசறீங்க? அவருக்கு டிரில்லு, எனக்கு தையல் மிஷினு. அத்தைக்கு என்னாத்த வெக்கறது? சாக்பீசா? ரிடையர் ஆனதுலேர்ந்து அதெல்லாம் ஒரு நாளாச்சும் தொட்டிருப்பாங்களா? வாரா வாரம் இதத்தானே எடுத்து தொடச்சி வெக்கறாங்க. இது நான் ஊதுனது, நான் ஊதுனதுன்னு அவுங்கதானே சொல்லுவாங்க. அவுங்க தொழிலு இதுன்னு நெனச்சேன். அதான் வெச்சேன். தப்புன்னா மன்னிச்சிக்குங்க அத்த."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சனிக்கிழமை வரை அவள் பவானியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சனிக்கிழமை நான்தான் கார் ஓட்டினேன், அக்கா மடியில் அந்தத் தட்டு. கார்த்திகேசன் வீடு சிதம்பரம் வடக்கு வீதியில். சுவரில் கிடார் மாட்டி, அதற்கு விளக்குப் போட்டு வைத்திருந்தான். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். சிந்துஜா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். காப்பி வந்தது. வயலினையும் டிரம்பெட்டையும் ராக் இசையில் கலக்கத் தனக்கு எப்படித் தோன்றியது என்று அவன் பேசிக்கொண்டே போனான். அந்தப் பெண் போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

"சார், டிரம்பெட் வாசிச்சது யாருன்னு போடணும்" என்றாள் சிந்துஜா.

"டிரம்பெட்டா? அது முதுநகர் பேண்டு செட்லேர்ந்து யாரோ ஒரு ஆள கூட்டியாந்தோம். பேரெல்லாம் ஞாபகம் இல்ல."

"அந்த ஆளு நான்தான்" என்றாள் அக்கா.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். பெரிய மனுஷன் சிரிப்பு. "இல்ல ஜான்சி, நீ கோரஸ் பாட வந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்."

அந்த இசைத்தட்டில் கோரஸே கிடையாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரு பெண் குரல் கிடையாது. நான் எழுந்துவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

சிந்துஜா பேச்சை மாற்றுகிறவள்போலத் தட்டை அட்டையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூன்று இடத்தில் சிவப்புக் கறை அப்படியே இருந்தது. "இது என்ன மேடம்?" என்றாள்.

கார்த்திகேசன் எட்டிப் பார்த்தான். "பொட்டு மாதிரி இருக்கே! ரெக்கார்டுக்கு பொட்டு வெச்சீங்களா?" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "எந்த முட்டாள் பண்ண வேல இது?"

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"எம்மருமவ வெச்சா. ஆயுத பூஜைக்கு அவுங்கவுங்க தொழிலுக்கு பொட்டு வெப்பாங்க இல்ல? இது யாரு வேலன்னு அவளுக்கு தெரிஞ்சிருக்கு. அந்த ஸ்டூடியோவுல எம்பக்கத்துலயே நின்ன ஒனக்கு தெரியல. இப்ப சொல்லு, யாரு முட்டாளு?"

அவன் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் திமிர் போகவில்லை. சிந்துஜா அங்கிருந்த பிளேயரில் தட்டைப் போட்டுப் பார்த்தாள். கடைசிப் பாட்டு வந்தது. மூச்சுச் சத்தம், டிரம்பெட், அதே இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் நேரமாகும் என்றாள் அவள்.

"எதுக்கு கஷ்டம்?" என்றான் கார்த்திகேசன். "கிடார் நிக்கற எடத்தோட கட் பண்ணிடுங்க. டிரம்பெட் இல்லாமலே பாட்டு நல்லாத்தான் இருக்கு."

அக்கா எழுந்தாள். அவளே போய் ஊசியைத் தூக்கினாள். தட்டை எடுத்து அட்டையில் போட்டாள். ஒரு வார்த்தை பேசாமல் வாசலுக்கு நடந்தாள். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அச்சில் வராது.

சிந்துஜா கார் வரைக்கும் ஓடி வந்தாள். "மேடம், நான் உங்களை நம்பறேன். ஆனா அவர் கையெழுத்து இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒம்மேல கோவம் இல்லம்மா. அவன் வாயால எம்பேர சொல்லட்டும். அன்னிக்கு நானே இத மெட்ராசுக்கு எடுத்தாறேன்" என்றாள் அக்கா.

அவன் சொல்ல மாட்டான் என்று மூன்று பேருக்கும் தெரியும். புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் அக்கா தட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அந்தப் பொண்ண திட்டிப்புட்டேன்டா அன்பு" என்றாள். எனக்கும் சுண்டல் கிண்ணம் ஞாபகம் வந்தது. 

வீட்டில் பவானி தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். "என்னாச்சு அத்த?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"சந்தனம் மிச்சம் இருக்கா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். உள்ளே போய்க் கிண்ணத்தில் கொஞ்சம் குழைத்து எடுத்து வந்தாள். அக்கா தட்டை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தாள். "பாட்டு ஓடற கோட்டு மேல வெக்கக் கூடாதுடி, ஊசிக்கு ஆவாது. நடுவுல இந்த மஞ்சக் காயிதம் இருக்கு பாரு, இங்க வெக்கலாம்." ஐந்து பேர் பெயரில் முதல் பெயர் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "இது மேல வை. நல்லா தடியா வை."

பவானி வைத்தாள். கார்த்திகேசன் காணாமல் போனான். அதன் நடுவில் குங்குமமும் வைத்தாள்.

அக்கா கடைசிப் பாட்டைப் போட்டாள். வால்யூமை முழுக்கத் திருகினாள். வயலின்கள் ஏறின, செல்லோ உறுமியது, கிடார் நின்றது. மூச்சுச் சத்தம் வந்தது. டிரம்பெட்டின் முதல் வரி வந்து, அதே இடத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே வாசித்தது.

"ஊசிய எடுடி" என்றாள் அக்கா. பவானி எடுத்தாள். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். யாருக்கோ திட்டு விழப்போகிறது என்று நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவள் வாயைத் திறந்து, ஊசி நின்ற இடத்திலிருந்து மீதி முழுவதையும், அப்பா எதிரே உட்கார்ந்தால் பாடுகிற மாதிரி, முகம் சிவக்க, தெருவுக்கே கேட்கிற குரலில் பாடினாள். கட்டுப்பல் ஆடியது. நிறுத்தவில்லை. பவானி கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று கேட்டாள். ஒரு இடத்தில்கூடப் பிழையில்லை.